பழைய இலக்கமும் புதிய இணைப்பும்

பிரித்தானியாவிலே இன்று ஒரு பெரிய காரியம் அதிக சந்தடியின்றி நடந்து வருகின்றது. மனிதரின் குரலை மின்சாரமாக்கிச் செப்புக் கம்பியில் ஏற்றி, நூறு ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுக்கு வீடு கொண்டுசென்ற பழைய தொலைபேசி முறைக்கு இந்நாட்டார் முடிவுநாள் குறித்திருக்கின்றார்கள். முதலில் 2025 டிசம்பர் என்றார்கள். பின்னர் 2024 மே மாதத்தில் அதனைத் தள்ளிவைத்து 2027 ஜனவரி 31 என்று அறிவித்தார்கள். 2023 செப்டெம்பர் முதற்கொண்டு அந்தப் பழைய இணைப்பைப் புதிதாக எவருக்கும் விற்பதில்லை. இனிமேல் குரலும் படமும் கடிதமும் பாடமும் எல்லாம் ஒரே வழியால், அதாவது இணையத்தின் வழியால், வரவேண்டியனவாம். அந்த இணையத்தைச் சுமந்துவரும் கம்பியும் செப்பன்று. தலைமயிர் அளவேயான கண்ணாடி இழை. 'பைபர்' என்று எல்லோரும் அழைப்பது இதனையே.

இது இங்கிலாந்தாரின் வீட்டு விஷயம், இலங்கையில் உள்ள நமக்கு இதனால் ஆவதென்ன என்று நேயர்கள் கேட்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள எந்த வீட்டிலாவது பழைய தொலைபேசிக் குறிப்புப் புத்தகம் ஒன்று இருந்தால் அதை ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். இலண்டனில் இருக்கும் மகனுடைய, மருமகளுடைய, பெறாமகனுடைய இலக்கங்கள் அதில் எத்தனை தடவை வெட்டி வெட்டி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைக் காண்பீர்கள். அந்த வெட்டுக்களில் ஒரு பாதி இங்குள்ளோர் வீடு மாறியதனால் வந்தவை. மறு பாதிக்குக் காரணம் இந்த நகரமே.

எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது 1987 ஆம் ஆண்டில். அப்பொழுது இலண்டன் முழுவதற்கும் 01 என்ற ஒரே குறியீடு இருந்தது. 1990 மே மாதத்தில் நகரை இரண்டாகப் பிரித்து, நடுப்பகுதிக்கு 071 என்றும் சுற்றுப்புறத்திற்கு 081 என்றும் வைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழியுமுன், 1995 ஏப்ரலில், எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் ஒன்றைப் புகுத்தி 0181 ஆக்கினார்கள். 2000 ஆம் ஆண்டு ஏப்ரலில் அதையும் விட்டு, நகர் முழுவதற்கும் 020 என்று வைத்து, எங்கள் பக்கத்து இலக்கங்களுக்கு முன்னால் ஓர் எட்டைச் சேர்த்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு முகங்கள்! ஆயினும் இத்தனை மாற்றத்திலும் கடைசி ஏழு இலக்கங்களில் எவரும் கைவைக்கவில்லை. அந்த ஏழும் இன்றும் எங்களுடையவையே. அவற்றின் பொருட்டே இந்தக் கட்டுரை.

என் தம்பிக்கு அந்த ஏழு இலக்கங்களும் மனப்பாடம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கிளாலிக் கடலைப் படகிலே கடந்து வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கி நின்று அவன் எங்களை அழைப்பான். கடதாசித் துண்டில் இலக்கம் எழுதிக்கொண்டு வரமாட்டான். வழியில் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை சட்டைப் பையைச் சோதிப்பார்கள். வெளிநாட்டு இலக்கம் ஒன்று அகப்பட்டால் கேள்விகள் நீளும். ஆதலால் நெஞ்சிலே எழுதிவைத்தான். குறியீடு மாறும்போதெல்லாம் முன்பகுதியை மட்டும் திருத்திக்கொண்டான். 2002 ஆம் ஆண்டில் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபின் அவனுடைய அழைப்புகள் அடிக்கடி வந்தன. அடுத்த ஆண்டு அம்மாவை அவனே கூட்டிவந்து விமானம் ஏற்றி எங்களிடம் அனுப்பினான். 2006 ஆகஸ்டில் பாதை மறுபடியும் மூடப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னர் வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து பேசினான். தேங்காய் விலையைப் பற்றியும், பின்வளவில் வைத்த எலுமிச்சை காய்த்ததைப் பற்றியும் பேசியதாக அம்மா சொல்லுவார். அதுதான் கடைசி. 2009 மே மாதத்திற்குப் பின்னர் அவனைக் கண்டவர் என்று எவரும் வந்து எங்களிடம் சொல்லவில்லை.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 இல் வேலை தொடங்கியபோது நாங்களும் விண்ணப்பம் கொடுத்தோம். அதற்கு முன்னர் வேறு இடங்களிலும் கொடுத்திருந்தோம். அந்தக் கோப்புகள் எல்லாவற்றிலும் தொடர்புகொள்ள வேண்டிய இலக்கம் என்ற இடத்தில் இருப்பது இந்த வீட்டு இலக்கமே. என் கைத்தொலைபேசி இலக்கம் இந்த இடைக்காலத்தில் மூன்று தடவை மாறிவிட்டது. வீட்டு இலக்கம் மாறவில்லை.

ஆகையால், பழைய இணைப்பு நிற்கப்போகின்றது, பைபருக்கு மாறுங்கள் என்று கடிதங்கள் வரத் தொடங்கியபோது, எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாயின. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகனுக்கு மாற்றம் உடனே வேண்டும். செப்புக் கம்பியால் வரும் இணையம் மாலை நேரங்களில் தவழ்ந்து வருகின்றது. பாடத்துக்குரிய படக்காட்சி நடுவில் நின்றுபோகின்றது. அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அம்மாவுக்கோ எண்பத்தாறு வயது. இணையம் வேகமாக வந்தாலென்ன, மெதுவாக வந்தாலென்ன?

"கம்பியை மாத்து, பெட்டியை மாத்து, பிள்ளை. இலக்கத்தை மட்டும் மாத்தப்படாது" என்றார்.

"அம்மம்மா, இப்ப ஆர் வீட்டு ரெலிபோனுக்கு எடுக்கினம்?" என்று மகன் கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை. அவன் தலைமுறைக்கு அது உண்மையான கேள்வி.

"உன்ரை மாமா எடுப்பான்."

அதற்குமேல் அந்தப் பேச்சு நீளவில்லை. கம்பியை மாற்றுவது, இலக்கத்தை மாற்றாதிருப்பது என்று முடிவாயிற்று. சொல்லுவதற்கு இலகு, செய்வதற்கு எத்தனை படிகள் என்பதைப் பின்னரே கண்டோம்.

மாணவர்கள் இதனைப் படிப்பார்களாதலால் விஞ்ஞானத்தைச் சிறிது சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். பழைய முறையில் தொலைபேசி நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் இரட்டைக் கம்பியிலே ஏறத்தாழ 50 வோல்ட்டு மின்னழுத்தம் எப்பொழுதும் இருந்தது. கருவிக்கு வேண்டிய மின்சாரம் அந்தக் கம்பியாலேயே வந்தது. நிலையத்தில் பெரிய மின்கலங்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஊர் முழுவதும் இருளில் மூழ்கினாலும் தொலைபேசி பேசியதற்குக் காரணம் இதுவே. கண்ணாடி இழையிலே மின்சாரம் செல்லாது; ஒளி மாத்திரம் செல்லும். மறுமுனையில் வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் சிறு பெட்டி ஒன்று அந்த ஒளியைத் திரும்ப மின்குறிகளாக மாற்ற வேண்டும். அந்தப் பெட்டிக்கும், அதனோடு சேர்ந்த ரவுட்டருக்கும் வீட்டு மின்சாரமே உணவு. வீட்டில் மின்சாரம் போனால் தொலைபேசியும் போயிற்று.

கண்ணாடிக்குள் ஒளியைச் செலுத்திச் செய்தி அனுப்பலாம் என்பது இலண்டனுக்கு வடக்கே எசெக்ஸ் மாகாணத்து ஹார்லோ நகர ஆய்வுகூடம் ஒன்றிலே உருவான எண்ணம் என்பது பலருக்குத் தெரியாது. ஷாங்காய் நகரிற் பிறந்த சார்ல்ஸ் காவோ என்ற சீனர், ஜோர்ஜ் ஹொக்கம் என்ற ஆங்கிலேயருடன் சேர்ந்து 1966 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நாளைய கண்ணாடியில் ஒளி சில மீற்றர் தூரம் செல்லுமுன் மங்கிவிடும். கண்ணாடியின் குறையன்று அது, அதிலே கலந்துள்ள அழுக்குகளின் குறையே. ஒரு கிலோமீற்றர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது எஞ்சுமளவுக்குக் கண்ணாடியைச் சுத்தப்படுத்தினாற் போதும், செய்தி அனுப்பலாம் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். நாலு ஆண்டுகளில், 1970 இல், அமெரிக்காவின் கோர்னிங் கம்பனியார் அத்தகைய கண்ணாடியைச் செய்துவிட்டார்கள். இன்றைய இழையிலோ ஒளி பாதியாகக் குறைவதற்குப் பதினைந்து கிலோமீற்றர் தூரம் ஓடவேண்டும். காவோவுக்கு 2009 இல் நோபெல் பரிசு கிடைத்தது. தற்செயலாக அதுவே எங்கள் வீட்டில் எவரும் விஞ்ஞானச் செய்தி படிக்காத ஆண்டு.

இனி இலக்கத்தின் கதைக்கு வருவோம். தொலைபேசி இலக்கம் என்பது கம்பியோடு ஒட்டிப்பிறந்தது என்று நாம் நினைத்திருந்தோம். உண்மையில் அது ஒரு பதிவு. ஒரு கம்பனியின் ஏட்டிலிருந்து இன்னொரு கம்பனியின் ஏட்டுக்குக் கொண்டுசெல்லத்தக்கது. அப்படிக் கொண்டுசெல்லும் உரிமை இந்நாட்டு வாடிக்கையாளருக்கு உண்டு. ஆனால் உரிமை இருப்பது வேறு, இடம் இருப்பது வேறு. முதலில் நாங்கள் விசாரித்த கம்பனி விலையிலே மலிவு, வேகத்திலே மேல். வீட்டுத் தொலைபேசி பற்றிக் கேட்டபோது, "நாங்கள் பேச்சுச் சேவையே கொடுப்பதில்லை" என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். பேச்சுச் சேவை இல்லாத இடத்துக்கு இலக்கத்தை எப்படிக் கொண்டுசெல்வது? குடியிருக்க வீடில்லாத ஊருக்கு முகவரியை மாற்றுவதுபோலாகும். மலிவான விலையைப் பார்த்து ஆசைப்படும் குடும்பங்கள் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: பைபரோடு தொலைபேசியும் தருகிறீர்களா, என் பழைய இலக்கத்தை ஏற்றுக்கொள்வீர்களா?

இரண்டாவது கம்பனி இரண்டுக்கும் ஆம் என்றது. மாதம் சிறிது கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டோம்.

அடுத்த படியிலேதான் பெரும்பாலோர் இலக்கத்தை இழந்துவிடுகிறார்கள் என்று அறிகின்றேன். புதிய இணைப்புக்கு எழுதிக்கொடுத்தவுடன், பழைய கம்பனிக்கு ஏன் வீணாகக் காசு கொடுக்க வேண்டும் என்று எண்ணி, பழைய இணைப்பை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள். மகனும் அன்றிரவே அதைச் செய்யக் கைத்தொலைபேசியை எடுத்தான். அவனைத் தடுத்தேன். உயிரோடு இருக்கும் இணைப்பிலிருந்தே இலக்கத்தை எடுத்துச் செல்ல வேண்டும். இணைப்பு மடிந்தால் அதிலிருந்த இலக்கமும் கம்பனியின் களஞ்சியத்துக்குத் திரும்பிப் போய்விடும், காலப்போக்கில் வேறொருவருக்குக் கொடுக்கப்படும். விட்டபின் மீட்பதற்குச் சட்டத்தில் ஒரு மாதத் தவணை உண்டு. ஆனால் விடாமலிருப்பதல்லவோ புத்தி. 2024 செப்டெம்பர் 12 முதல் இங்கு நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டின்படி வாடிக்கையாளர் பழைய கம்பனியோடு பேச வேண்டியதே இல்லை. புதிய கம்பனியிடம் சொன்னால் மற்றவை எல்லாவற்றையும் அவர்களே தம்முள் பேசி முடிக்க வேண்டும். நாம் செய்யவேண்டியது, இலக்கமும் கூடவே வரவேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லி, அதை எழுத்தில் வாங்குவது.

எழுத்தில் வாங்கியபோதுதான் நெஞ்சு ஒரு கணம் நின்றது. கம்பனியிலிருந்து வந்த கடிதத்தில் எங்கள் பெயர் சரி, முகவரி சரி, தொலைபேசி இலக்கம் வேறு. நான் முன்பின் கண்டிராத ஓர் இலக்கம். அம்மாவிடம் காட்டவில்லை. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பனியை அழைத்தேன். நாற்பது நிமிடம் சங்கீதம் கேட்டபின் ஒருவர் வந்தார். அது தற்காலிக இலக்கமாம்; இணைப்புப் பூட்டும் நாளில் கருவி வேலை செய்கின்றதா என்று பார்ப்பதற்காக இடப்படுவதாம்; சில நாள் கழித்து எங்கள் பழைய இலக்கம் அதன் இடத்துக்கு வந்துவிடுமாம். "அதைக் கடிதத்தில் ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். அவரிடம் அதற்கு மறுமொழி இல்லை. எழுதித் தரும்வரை தொலைபேசியை வைக்க மாட்டேன் என்றேன். எழுதித் தந்தார், நாளும் குறித்துத் தந்தார். அந்தக் கடிதத்தை மட்டும் அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி ஏழு இலக்கங்களையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

இணைப்புப் பூட்ட வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தெருவிலுள்ள கம்பத்திலிருந்து கறுப்பு நிறமான மெல்லிய வடம் ஒன்றை வீட்டு முன்சுவருக்கு இழுத்து, சுவரில் துளையிட்டு, உள்ளே ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினான். இழையை வெட்டி ஒட்டும்போது அவன் காட்டிய நிதானம் தங்கவேலை செய்யும் பத்தருடைய நிதானம். ஒட்டிய பின் ஒரு சிறு கருவியை வைத்து ஒளி எவ்வளவு வருகின்றது என்று அளந்தான். இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பழைய செப்புக் கம்பியை அவன் தொடவேயில்லை. "அது கிடக்கட்டும், உங்கள் இலக்கம் இன்னும் அதிலேதான் இருக்கின்றது" என்றான். எனக்கு அவன்மேல் நன்மதிப்பு உண்டாயிற்று.

ஆகவே ஐந்து நாட்களாக எங்கள் வீட்டில் இரண்டு தொலைபேசிகள் இருந்தன. முன்வாசல் மேசையில் பழையது, பழைய இலக்கத்தோடு. ரவுட்டர் அருகே புதியது, எவருக்கும் தெரியாத அந்தத் தற்காலிக இலக்கத்தோடு. மகனுக்கு இணையம் வந்துவிட்டது. அவன் தன் அறைக்குள்ளே போய்விட்டான். அம்மா பழைய தொலைபேசிக்கு அருகில் கதிரை போட்டு இருந்தார். வழக்கமாக அவர் பகலில் இருப்பது பின்பக்க அறையில், வெயில் விழும் யன்னலோரம். நான் ஒன்றும் கேட்கவில்லை.

குறித்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணிவரை பழைய கருவியைக் காதில் வைத்தால் பழைய ரீங்காரம் கேட்டது. பத்தே முக்காலுக்கு எடுத்துப் பார்த்தபோது ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் காதை வைத்தாற்போன்ற ஒரு மௌனம். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் கைத்தொலைபேசியை எடுத்து எங்கள் இலக்கத்தை அழுத்தினேன். புதிய கருவியில் மணி அடித்தது. ஆனால் அத்துடன் எங்கள் பயம் தீரவில்லை. அம்மாவின் தங்கை, கொக்குவிலில் இருக்கும் என் சின்னம்மாவிடம், அங்கிருந்து ஒருமுறை அழைக்கும்படி சொல்லியிருந்தோம். இலண்டனுக்குள் மணி அடிப்பது எங்களுக்குப் பெரிதன்று. சின்னம்மா அன்று மத்தியானம் இரண்டு தடவை அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஓர் இயந்திரக் குரல் சொன்னதாம். பக்கத்து வீட்டுக்காரரின் தொலைபேசியில் எடுத்தபோது மணி அடித்தது! சில கம்பனிகளின் ஏடுகளில் மாற்றம் உடனே பதிவாகும், சிலவற்றில் மறுநாள் பதிவாகும் என்று விளக்கம் சொன்னார்கள். மறுநாட் காலை, எங்களுக்கு விடியுமுன்னரே, சின்னம்மா தன் தொலைபேசியிலிருந்தே பேசினாள். அம்மா அவளோடு அரை மணி நேரம் பேசினார். அந்த இயந்திரக் குரலை அந்த ஓர் இரவில் வேறு எவரேனும் கேட்டிருப்பார்களோ என்று அவர் என்னிடம் கேட்டது அதற்குப் பின்னர். இல்லை அம்மா என்றேன்.

பெரியவர்கள் உள்ள வீடுகளில் இன்னும் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். இந்த மாற்றத்தைப் பற்றி எழுந்த எதிர்ப்புகளெல்லாம் இவற்றைச் சுற்றியே எழுந்தன. 2021 நவம்பரில் 'ஆர்வென்' என்ற புயல் வட இங்கிலாந்தையும் ஸ்கொத்லாந்தையும் அடித்தபோது சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. பழைய கம்பித் தொலைபேசி அத்தகைய நாட்களில் எவ்வளவு பெரிய துணை என்பது அப்பொழுது தெரிந்தது. பிரிட்டிஷ் டெலிகொம் கம்பனி 2022 மார்ச்சில் தன் மாற்றத் திட்டத்தைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. இன்று சட்டம் என்னவென்றால், வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருப்போருக்கு மின்சாரம் நின்றபின் ஒரு மணி நேரமாவது அவசர உதவியை அழைக்கும் வழியைக் கம்பனி செய்து கொடுக்க வேண்டும். நாங்கள் கேட்டோம், ஒரு மின்கலப் பெட்டி அனுப்பினார்கள். கேளாதவர்களுக்குத் தாமாக அனுப்புவார்கள் என்று நான் நம்பவில்லை. கிலோமீற்றர் கணக்கில் பனியும் இருளுமாயிருக்கும் மலைநாட்டுக் கிராமத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா என்பது வேறு கேள்வி. இலங்கையிலும் செப்பின் இடத்துக்குப் பைபர் வந்துகொண்டிருக்கின்றது. 2022 மார்ச்சின் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டைக் கண்ட நாடு அது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபநிலையத்தில் புகுந்த ஒரு குரங்கினால் முழுத் தீவும் இருண்டதாகச் சொல்லப்பட்டதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகையால் அங்கும் பைபர் பூட்ட வருகிறவரிடம் மின்கலத்தைப் பற்றிக் கேட்டுவைப்பது நல்லது.

மற்றது கழுத்தில் அணியும் அபாயப் பொத்தான். அம்மா விழுந்துவிட்டால் அழுத்துவதற்காக ஒன்று அணிந்திருக்கிறார். இந்நாட்டில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இவ்விதமான ஏற்பாட்டில் இருப்பதாக அரசாங்கம் சொல்லியுள்ளது. இந்தப் பொத்தான்களிற் பல பழைய தொலைபேசிக் கம்பியோடு தொடுக்கப்பட்டவை. புதிய வழியில் ஒழுங்காக வேலை செய்யாமற் போகலாம். அதைத் தந்தவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தோம். வந்து, சிம் பொருத்திய வேறு பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா பொத்தானை அழுத்திப் பரீட்சித்தபோது மறுமுனையில் வந்த பெண்ணுக்கு, "ஒண்டுமில்லைப் பிள்ளை, சும்மா பாத்தனாங்கள்" என்று தமிழிலே சொன்னார்.

சிறிய அசௌகரியங்களும் உண்டு. பக்கத்துத் தெருவுக்கு அழைத்தாலும் முன்னால் 020 சேர்த்தே அழைக்க வேண்டும். நாற்பது ஆண்டுப் பழக்கம் விரலைவிட்டுப் போக நாளாகின்றது. வட்டத்தைச் சுழற்றி அழைக்கும் மிகப் பழைய கருவிகள் பெரும்பாலும் இதில் வேலை செய்யா. எங்களுடையது பொத்தான் வைத்த கருவியாதலால் ஒரு சிறு இணைப்பானைப் போட்டு ரவுட்டரின் பின்புறத்தில் மாட்டியவுடன் பேசத் தொடங்கிற்று. வயரை நீட்டி அதை மறுபடியும் முன்வாசல் மேசைக்கே கொண்டுவந்து வைத்தோம்.

எல்லாம் முடிந்தபின் மகன் ஒரு நல்ல செய்தியோடு வந்தான். புதிய சேவையில் ஒரு காவல் உண்டாம். தெரியாத இலக்கத்திலிருந்து யாராவது அழைத்தால் மணி அடிக்காது. இயந்திரம் முதலில் அவருடைய பெயரைக் கேட்கும். வெளிநாட்டு அழைப்புகளை முற்றாகவே நிறுத்திவைக்கவும் முடியுமாம். முதியோரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் கள்ளர்களின் தொல்லை இந்நாட்டில் பெரிது. எங்கள் தெருவிலேயே ஒரு கிழவி வங்கிக் கணக்கை இழந்தாள். நானும் இது நல்லதென்றே நினைத்தேன். அம்மாவுக்கு விளங்கும்படி மகன் ஆறுதலாகச் சொன்னான். அம்மா முழுவதையும் கேட்டார்.

"தெரியாத இலக்கத்திலிருந்துதானே மோனை அவன் எடுப்பான்" என்றார்.

மகன் அந்தக் காவலை நிறுத்திவிட்டு வந்தான். கிழமைக்கு நாலைந்து கள்ள அழைப்புகள் வருகின்றன. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்பான் ஒருவன். உங்கள் கணினியில் கோளாறு என்பான் இன்னொருவன். அம்மா எல்லா அழைப்புகளையும் எடுக்கிறார். ஆங்கிலத்திலே குரல் கேட்டால் வைத்துவிடுகிறார்.